பாலை கடந்து கடல் கண்ட பெண்

தனியே நெடும் பிரயாணம் செய்தல் என்றதும் நம்மவர் மனத்திலே முதலில் எழுவது அச்சம். அடுத்து எழுவது வியப்பு. பக்கத்து ஊருக்குப் பிள்ளையைத் தனியே அனுப்புவதற்கும் இருமுறை யோசிப்பவர்கள் நாம். அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலிருந்து இந்து சமுத்திரக் கரைவரை ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தூரத்தை 1977ஆம் ஆண்டிலே ஓர் இளம்பெண் பெரும்பாலும் நடந்தே கடந்தார் எனக் கேட்கும்போது, நம்புவதற்கே சற்று நேரமாகின்றது. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை நமது நாட்டின் நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர். அதனை ஆறு முறை நடந்தாலும் அப்பெண் சென்ற தூரம் நிறைவுறாது. அவர் சென்ற வழியோ வறண்ட பாலை.

அவர் பெயர் றொபின் டேவிட்சன். குயின்ஸ்லாந்து மாநிலத்திலே 1950ஆம் ஆண்டு பிறந்தவர். துணிவு ஒன்றே அவரைக் கரைசேர்த்தது என்று சொல்லிவிடுதல் எளிது. அவருடைய வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால், துணிவினும் பெரிதாக வேறொன்று அங்கே நிற்பதைக் காண்போம்.

1975ஆம் ஆண்டிலே அவர் அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவன நகருக்கு வந்திறங்கியபோது கையில் இருந்தவை ஒரு சிறிய பெட்டியும் ஆறு டொலரும். உடன் வந்தது ஒரு நாய். ஒட்டகத்தைப் பழக்கும் வித்தை அவருக்குத் தெரியாது; ஒட்டகம் வாங்கப் பணமும் இல்லை. மதுச்சாலையிலே வேலை செய்தார். ஒட்டகம் வளர்ப்போரிடம் பணிபுரிந்து தொழில் கற்றார். இவ்வாறு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயத்தத்திலேயே கழிந்தன.

அவுஸ்திரேலியாவில் ஒட்டகம் எங்ஙனம் வந்தது என மாணவ நேயர்கள் வினவலாம். முதல் ஒட்டகம் 1840ஆம் ஆண்டிலே கப்பலில் வந்தது. 1860இல் பேர்க், வில்ஸ் என்போரின் ஆராய்ச்சிப் பயணத்துக்காக இந்தியாவிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட ஒட்டகங்கள் தருவிக்கப்பட்டன. அதன்பின் ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் முதலிய இடங்களிலிருந்து ஒட்டகக்காரரும் பெருந்தொகையாக வந்தனர். குதிரை சோர்ந்துவிழும் நிலத்திலே தந்திக் கம்பத்தையும் ஆட்டு உரோமத்தையும் உணவுப் பொருளையும் சுமந்தவை இவ்வொட்டகங்களே. 1920களிலே லொறிகள் பெருகவே அவற்றுக்கு வேலை இல்லாது போயிற்று. கட்டவிழ்த்து விடப்பட்டவை காட்டிலே பெருகின. இன்று உலகிலே காட்டு நிலையில் திரியும் ஒட்டகங்கள் மிகுதியாக உள்ள நாடு அவுஸ்திரேலியாவே.

அந்த ஒட்டகக்காரர் மரபிலே வந்த சாலி மஹமட் என்பவர் றொபினுக்கு ஆசானாக வாய்த்தார். சுமையை இருபுறமும் நிறை பிசகாது ஏற்றுவது, மூக்கணாங்கயிற்றைக் கையாள்வது, மதங்கொண்ட காட்டு ஒட்டகம் எதிர்ப்படின் செய்யவேண்டியது யாது என்பனவற்றையெல்லாம் அவர் கற்பித்தார். இப்பாடங்கள் பின்னர் உயிரையே காத்தன. பயணத்தின்போது காட்டு ஆண் ஒட்டகங்கள் தாக்கவந்த வேளைகளிலே, தயங்காது துப்பாக்கியை எடுக்க றொபினால் முடிந்தது.

டூக்கி, பப், செலேக்கா என்ற மூன்று ஒட்டகங்களும், செலேக்காவின் கன்றாகிய கோலியாத்தும், டிக்கிற்றி என்ற நாயும் உடன்வர, 1977 ஏப்ரில் மாதத்திலே அவர் புறப்பட்டார். தென்கோளத்திலே அது வெயில் தணியத் தொடங்கும் காலம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நடை. மாலையிலே சுமைகளை இறக்கி, ஒட்டகங்களின் முன்னங்கால்களுக்குத் தளையிட்டு, கழுத்திலே மணிகட்டி மேயவிடுவார். இரவிலே அம்மணியோசை காதில் விழும்வரை கவலையில்லை. ஒட்டகங்கள் விலகிப் போய்விட்டாலோ, தண்ணீரும் உணவும் சுமக்க ஆளில்லாது நடுப்பாலையில் நிற்கவேண்டியதுதான்.

அந்நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு ஆடவர் மட்டுமே செல்லத்தக்க புனித இடங்கள் உண்டு. வழியறியாத பெண்ணொருத்தி அவற்றுள் காலடி வைத்தல் அவர்தம் மரபுக்குப் பெரும் பிழையாகும். பிற்ஜன்ஜாரா இனத்து முதியவர் எடி என்பவர் சில வாரங்கள் உடன் நடந்து வழிகாட்டினார். அவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதே தெரியும். ஆயினும் அந்நாட்களிலேதான் பாலை ஒரு வெற்றுவெளி என்ற எண்ணம் றொபினுக்கு அற்றது. பாறைக்கும் மரத்துக்கும் நீர்ச்சுனைக்கும் பெயரும் கதையும் உரிமையும் உண்டு என்பதை அம்முதியவரோடு நடந்து அவர் அறிந்துகொண்டார்.

பயணத்தின் பிற்பகுதியிலே பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. டிங்கோ எனப்படும் காட்டு நாய்களைக் கொல்ல வைத்திருந்த நஞ்சை டிக்கிற்றி தின்றுவிட்டது. அதன் வேதனையைக் காணப் பொறாது, தம் கையாலேயே சுட்டு அதன் துன்பத்தை முடிக்கவேண்டியவரானார் றொபின். பாலையிலே உண்மையான தனிமை அவரைச் சூழ்ந்தது அதன் பின்னரே எனலாம். ஆயினும் மறுநாளும் ஒட்டகங்களுக்குச் சுமை ஏற்றவேண்டியிருந்தது. அவர் ஏற்றினார், நடந்தார்.

இறுதியில், மேற்குக் கரையிலே ஹமெலின் பூல் என்னும் இடத்தில் ஒட்டகங்களோடு கடலைக் கண்டார். சாதாரணக் கடல்நீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உப்புச் செறிந்த நீர் அது. நுண்ணுயிர்கள் படிந்து படிந்து எழுப்பிய கற்றிட்டுகள் அங்கே இன்றும் வளர்கின்றன. பூமியிலே உயிர் தோன்றிய ஆதிகாலத்தை நினைவூட்டும் காட்சி அது.

பயணத்துக்குப் பணம் உதவிய நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, 1978ஆம் ஆண்டிலே அவரது கட்டுரையைப் படங்களுடன் வெளியிட்டது. அப்படங்களை எடுத்த றிக் ஸ்மொலன் இடையிடையே சிலமுறை பாலைக்கு வந்துபோனார். தாம் நாடிச்சென்ற தனிமை அதனாற் கலைகின்றதே என றொபின் மனம் வருந்தியதுமுண்டு. 1980இல் அவர் எழுதிய நூல் பல நாட்டு வாசகரையும் கவர்ந்தது. 2013இல் திரைப்படமாகவும் வந்தது.

அப்படியாயின் அவர் தனியே சென்றவர்தாமா? ஆம், சென்றவரே. பல நூறு மைல் நடையிலே அவரன்றி அம்முடிவுகளை எடுக்க ஒருவரும் அருகில் இல்லை. எனினும் சாலி கற்பித்த முடிச்சும், எடி காட்டிய வழியும் அவரோடு கூடவே நடந்தன. கற்றோரை அணுகிக் கற்கத் தயங்காத பணிவே துணிவினும் பெரிதென நாம் மேலே குறித்தது. ஆறு டொலரோடு வந்த பெண் மறுநாளே பாலைக்குள் இறங்கியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது பத்திரிகையிலே ஒரு சிறு இரங்கற் செய்தியாகவே இருந்திருக்கும்.

நம் பிள்ளைகளும் ஒருநாள் தனிவழி செல்லப் புறப்படுவார்கள்; அது படிப்பாகலாம், தொழிலாகலாம், தூரதேசமாகலாம். அன்று அவர்களைத் தடுப்பதற்கு முன்னர், போகும் வழியை அறிந்தவர் யாரிடமேனும் கேட்டார்களா, எத்தனை நாள் ஆயத்தம் செய்தார்கள் என்று வினவுவோம். தக்க விடை கிடைக்குமாயின், வாசல்வரை சென்று வழியனுப்பி வைப்போம்.