பழைய உடல், புதிய முள்

இசைத்தட்டு கேட்க என்னிடம் இருக்கும் ஷூர் நிறுவனத்தின் வி15 டைப் III கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு முள். ஒன்று அதோடு கூடவே வந்தது. மற்றது போன வருடம் வாங்கியது. முன்பக்கமாக இழுத்தால் முள் கையோடு வந்துவிடும், மாற்ற ஒரு நிமிடம் போதும். அதனால் அன்றையும் இன்றையும் ஒரே தட்டில் அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது.

1973இல் அமெரிக்காவில் இது வெளிவந்தபோது, தட்டின்மேல் முள் வைத்த பாரம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். வைர முனை பள்ளத்தில் ஓட, மெல்லிய அலுமினியத் தண்டு அசையும். தண்டின் மறுகோடியில் உள்ள பொடிக் காந்தமும் கூடவே அசைந்து, உடலுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரத்தை எழுப்பும். தண்டைத் தாங்குவது ஒரு சின்ன ரப்பர். அந்த ரப்பர் இளகியிருந்த காலத்தில்தான் இதன் குரலுக்குப் பேர் வந்தது: குத்தாத மேல் ஸ்தாயி, நிறைவான நடு ஸ்தாயி.

இன்று அதே முள்ளை ஒரு வீணைத் தட்டில் வைத்தால், முதல் உருப்படி இன்னும் பாந்தமாகத்தான் இருக்கிறது. தட்டின் நடுவை நெருங்க நெருங்கப் பிசிறு தட்டுகிறது. தட்டு ஒரே சீராகச் சுற்றினாலும், உள்பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் வெளிப்பள்ளத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஒலி அங்கே நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. அந்த நெளிவுகளுக்கு, இறுகிப்போன ரப்பரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கமகம் கரகரக்கிறது. செய்தவர்கள்மேல் குறையில்லை; வயதின் வேலை அது.

இத்தகைய பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு இன்றும் முள் செய்பவர்களில் ஜப்பானின் ஜிகோ முக்கியமானது. 1873இல் தையல் ஊசியில் தொடங்கிய நிறுவனம். நான் மாட்டியிருக்கும் புதிய முள்ளில் அலுமினியத்துக்குப் பதில் போரான் தண்டு. அதே கமகம் இப்போது இழை அறாமல் வழுக்கிச் செல்கிறது. நகம் தந்தியை விடுகிற ஓசைகூடக் காதில் விழுகிறது. நடு ஸ்தாயியின் பழைய தடிமன் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

அது பழைய குரலே இல்லை என்பார்கள் சிலர். ஆனால் ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. பிரிக்காத பெட்டியைத் தேடி வாங்கினாலும், உள்ளே ரப்பருக்கு வயதாகியிருக்கும். 1973இன் ஒலியை அன்றைய இளகிய ரப்பரோடு இனி யாராலும் கேட்க முடியாது. அந்தச் சுருளை இன்னும் பாட வைத்திருப்பது புதிய முள்தான். தட்டைக் கடைசிப் பள்ளம்வரை கேட்க உட்காரும்போது நான் அதையே மாட்டுகிறேன்.