பழுதடைந்த ஞாயிற்றுக் கலங்களும் தோட்ட நிலமும்

ஊவா மாகாணத்திலே மின்கம்பி எட்டாத மலைச்சரிவுகளில், ஞாயிற்றொளியால் எரியும் விளக்கு புதிதன்று. உலக வங்கியின் உதவியுடன் 1997 தொடக்கம் 2011 வரை நடைபெற்ற திட்டங்களின் வாயிலாக இலங்கையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இத்தகைய தகடுகளைப் பெற்றன. பின்னர் மின்கம்பி வந்துசேர்ந்த ஊர்களில் அவற்றுட் பல கைவிடப்பட்டன. தகடு கூரையிற் கிடக்கும். பற்றரியோ கொல்லைப்புறத்திற் கிடக்கும். இவ்விரண்டினுள் கமக்காரர் அஞ்சவேண்டியது பின்னதற்கே.

இன்று வழங்கும் தகடுகளிற் பெரும்பாலானவை சிலிக்கனாலானவை. இவற்றின் வேறாகச் சாயக் கலம் என ஒன்றுண்டு. சுவிற்சலாந்தில் மைக்கேல் கிரெற்செல், பிரயன் ஒரீகன் என்னும் இருவர் 1991 இல் இதனை வெளியிட்டனர். தேயிலைக் கொழுந்திலுள்ள பச்சையம் ஒளியைப் பற்றுதல் போன்று, இக்கலத்தில் ஒரு சாயம் ஒளியைப் பற்றி, தைத்தானியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடிப் படைக்கு இலத்திரனை அளிக்கின்றது. சாயம் இழந்ததை அயடீன் கலந்த திரவம் மீட்டளிக்கின்றது. அவ்வெண்பொடிக்கு மூலமாகிய இல்மனைற்று நம் நாட்டிற் புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே உண்டு. கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திற் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் குழுவினரும் 1995 இல், திரவத்துக்குப் பதிலாகச் செம்பு அயடைட்டு என்னும் திண்மத்தைக் கொண்டு இக்கலத்தை ஆக்கினர். திரவம் ஒழுகும் குறை இதனால் நீங்கும்.

சாயக் கலம் பழுதடைந்தால் யாது செய்வது? சிலர் கருதுமாறு அது பூச்சாறும் கண்ணாடியும் மாத்திரமன்று. செவ்வரத்தம்பூச் சாயத்தாலும் கலம் ஆக்கலாமெனினும், அது வலுக்குறைந்தது, விரைவில் வெளிறும். நெடுநாள் உழைக்கும் கலங்களில் உரூத்தேனியச் சாயமும் பிளாற்றினமும் வழங்கும். இவை அரிய உலோகங்கள், எறிதல் நட்டமே. கண்ணாடிகளைப் பிரித்து, காரக் கரைசலாற் சாயத்தைக் கழுவி நீக்கி, வெண்பொடிப் படைக்கு மீண்டுஞ் சாயமேற்றலாம் என்பது ஆய்வுகூடங்களிற் செய்து காட்டப்பட்டுள்ளது. கலத்தை ஆக்கச் செலவாகும் சக்தியிற் கணிசமான பங்கு மின்கடத்துங் கண்ணாடிக்கே செல்வதால், அதனை உடையாது காப்பது முதன்மையானது. வீட்டில் இதனைத் திறக்கலாகாது. திரவத்தில் வழங்கும் அசற்றோநைத்திரைலின் ஆவி தீப்பற்றும், நஞ்சுமாகும்.

நிற்க, பற்றரியின் கேடு கண்முன் உள்ளது. தகடு இருபது ஆண்டு உழைக்குமிடத்து, பற்றரி சில ஆண்டுகளிலேயே ஓயும். ஈயத்தை விற்கும் எண்ணத்துடன் அதனைக் கோடரியால் உடைத்து, உள்ளிருக்கும் சல்பூரிக்கமிலத்தைக் கானிற் கொட்டுவோர் தம் நிலத்தையே கெடுக்கின்றனர். தேயிலை மண் இயல்பிலேயே அமிலத்தன்மை வாய்ந்தது. அமில மண்ணில் ஈயம் எளிதிற் கரைந்து வேரை எட்டும். வடகீழ்ப் பருவ மழையிற் சரிவு மண் கழுவுண்டு பீலித் தண்ணீரிலும் பதுளு ஓயாவிலும் சேரும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், கெட்டது மீளாது.

ஆதலின், ஓய்ந்த பற்றரியை உடையாது, நிமிர்த்தியபடியே கொண்டுசென்று, புதியது வாங்கும் கடையில் ஒப்படைத்தல் வேண்டும். இத்தகைய கழிவைச் சேர்த்துப் பதப்படுத்துவோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் விதிக்கின்றன. வாசலுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் அதனைக் கேட்டறிவதிற் கூச்சம் வேண்டா.

அமிலம் ஏற்கெனவே சிந்தியிருப்பின், அவ்விடத்திற் தொலமைற்றுத் தூளையேனும் சுண்ணாம்பையேனும் தூவுக. இது அமிலத்தை அடக்கி ஈயத்தின் கரைவைக் குறைக்கும், ஈயத்தை அகற்றாது. எனவே மேல்மண்ணை அரையடி ஆழத்துக்கு வெட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் ஒதுக்கிவைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும். அப்பாத்தியிற் கீரையும் கிழங்கும் வையாது பூஞ்செடி நடுக.