இலையும் நாரும் காகிதமும்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், ஆண்டாளின் இடக்கையில் நாள்தோறும் புதிய கிளி ஒன்று அமர்கிறது. அது பொன்னாலோ மரத்தாலோ ஆனதன்று. இலையும் பூவும் நாரும் கொண்டு அன்றன்று கையால் செய்யப்படுவது. ஊரிலுள்ள ஒரு குடும்பத்தார் வழிவழியாக இப்பணியைச் செய்து வருகின்றனர். கிளியின் சிவந்த அலகு மாதுளம்பூ. உடல் மரவள்ளி இலை. சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டுகளும் பயன்படுகின்றன. கண்ணுக்குக் காக்காய்ப்பொன் ஒட்டப்படுகிறது. இவையனைத்தையும் பிணைத்து நிறுத்துவது வாழைநார். மதுரைச் சித்திரைத் திருவிழாவின்போது கள்ளழகருக்கும், புரட்டாசிப் பெருவிழாவின்போது திருமலைக்கும் ஆண்டாள் சூடிய மாலையுடன் இக்கிளியும் செல்வதுண்டு.

பொருள்களின் தேர்வைச் சற்றே உற்றுநோக்குவோம். மாதுளம்பூவின் புறவிதழ் மெழுகு பூசியதுபோல் தடித்திருக்கும். பறித்த பின்னரும் நெடுநேரம் வாடாது. நுனி இயல்பாகவே வளைந்திருக்கும். அலகுக்கு அதனினும் பொருத்தமான பூவைத் தேடுவது அரிது. மரவள்ளி இலையோ மென்மையானது, கிழியாமல் மடியக்கூடியது. பனையோலைக்கு அம்மென்மை இல்லை, விறைப்பு உண்டு. ஆகவே, தொங்கக் கூடாத சிறகுக்குப் பனையோலை துணையாகிறது. வாழைநாரை நனைத்துக் கட்டினால் விரலுக்கு வளைந்து கொடுக்கும். காயும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புமாறு பொருள்களைக் கூட்டும் இந்த அறிவே கிளியின் அழகுக்கு அடிப்படை. பச்சை நிறமுள்ள எந்த இலையையும் எடுத்துக் கட்டினால் கிளி வந்துவிடாது.

பல்பொருட் கலை

ஒரே படைப்பில் வெவ்வேறு பொருள்களை இணைக்கும் கலையை இன்று பல்பொருட் கலை என்கிறோம். மேலைநாட்டு ஓவிய வரலாற்றில் இதற்குக் குறிப்பிடத்தக்க தொடக்கமாக 1912ஆம் ஆண்டைச் சுட்டுவர். அவ்வாண்டில் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்திற்கு மாற்றாகக் கயிற்றைச் சுற்றினார். ஓவியம் என்பது வண்ணத்தால் மட்டுமே ஆவது என்னும் எண்ணத்தை அது அசைத்தது.

தமிழர்க்கு அவ்வெண்ணம் அத்துணை உறுதியாக இருந்ததில்லை. பாணர் பெற்ற பரிசில்களுள், வெள்ளிநாரில் தொடுத்த பொற்றாமரை ஒன்று என்பதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். தஞ்சை ஓவியத்தில் பலாப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த பூச்சு, பொன்தகடு, பதித்த கற்கள் என ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் உண்டு. வண்ணம் அவற்றுள் ஓர் அடுக்கு மட்டுமே.

இவை தேர்ந்த கலைஞர்தம் பணிகள். வீட்டுக்குள் நிகழ்ந்த பல்பொருட் கலை ஒன்றும் உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய பின்னர், தெய்வப் படங்கள் காகிதத்தில் அச்சாகி நாடெங்கும் பரவின. பிற்காலத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் வரைந்த படங்கள் நாட்காட்டிகளாகத் தமிழ்நாட்டு வீடுகளை அடைந்தன. படத்தை வாங்கிய பெண்கள் அதனை அப்படியே சட்டமிட்டு மாட்டியதோடு நின்றுவிடவில்லை. இலக்குமியின் சேலைமீது பட்டுத்துணியை வெட்டி ஒட்டினர். கரையில் சரிகை வைத்தனர். கழுத்தணியில் பாசிமணியும் சம்கியும் தைத்தனர். முகமும் கைகளும் மட்டும் அச்சாக எஞ்ச, ஏனையவை துணியாகவும் மணியாகவும் மாறின. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாக அச்சான படம், அவ்வீட்டிற்கு மட்டுமே உரிய படமாயிற்று. அவ்வாறு ஒப்பனை செய்யப்பட்ட படங்களைப் பழைய வீடுகளிலும் அருங்காட்சியகங்களிலும் இன்றும் காணலாம். செய்தவர் பெயர் அவற்றில் பெரும்பாலும் இராது.

காகிதம் வந்த வழி

திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டம் காகிதத்தோடு நெருங்கிய உறவுடையது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் தேவைப்பட்டது. ஒட்டுத்தாளுக்கு அச்சகம் தேவைப்பட்டது. பட்டாசு, நாட்காட்டி, வாழ்த்து மடல் என்று அவ்வச்சுத்தொழில் பின்னர் விரிந்தது.

காகிதக் கைவினை என்றதும் ஓய்வுப்பொழுதின் இன்பம் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. இம்மாவட்டத்தில் அதற்கு வேறொரு முகமும் இருந்தது. தீப்பெட்டிக் கூடுகளை மடித்து ஒட்டுவது பல்லாண்டுகள் வீட்டு வேலையாக நடைபெற்றது. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர்களின் விரல்களும் அதில் ஈடுபட்டன. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. மடித்தல், ஒட்டுதல், உலர்த்துதல் என்னும் செயல்கள் அங்கும் இங்கும் ஒன்றே. செய்பவர் எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தாமே முடிவு செய்கிறாரா என்பதில்தான் கைவினையும் கூலிவேலையும் பிரிகின்றன.

காகிதத்தின் இயல்பு

மாணவர் பலர் வீட்டில் காகித வேலை செய்து கைவிடுவதற்குக் காரணம் திறமைக்குறைவு அன்று. காகிதத்தின் இயல்பை அறியாமையே. ஒட்டிய அட்டை காய்ந்தபின் வில்போல் வளைகிறது. மடித்த இடம் வெடிக்கிறது. இவற்றுக்குக் காரணம் எளிது.

காகிதம் என்பது தாவர இழைகளின் பின்னல். ஆலையில் காகிதம் உருவாகும்போது கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துவிடுகின்றன. மரத்திற்கு வரியோட்டம் இருப்பதுபோலக் காகிதத்திற்கும் இழையோட்டம் உண்டு. நீர்பட்டால் இழை நீளவாக்கில் ஏறத்தாழ மாறாது, குறுக்குவாக்கில் பருக்கும். எனவே, பசை தடவிய தாள் ஒரு திசையில் மட்டும் மிகுதியாக விரிகிறது. காயும்போது அத்திசையில் மிகுதியாகச் சுருங்கி, ஒட்டிய அட்டையையும் இழுக்கிறது.

இழையோட்டத்தைக் கண்டறியக் கருவி ஏதும் வேண்டா. ஒரே தாளிலிருந்து நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக ஒரே அளவில் இரண்டு பட்டைகளை வெட்டி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முனையில் பிடித்தால், ஒன்று நிமிர்ந்திருக்கும், மற்றொன்று தொங்கும். நிமிர்ந்திருக்கும் பட்டையின் நீளத்திலேயே இழைகள் ஓடுகின்றன. அவ்வோட்டத்தை ஒட்டி மடித்தால் மடிப்பு கூர்மையாக அமையும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். அட்டை வளையாதிருக்க, நூற்கட்டுநர் ஓர் உத்தியைக் கையாள்வர். முன்புறம் ஒரு தாள் ஒட்டினால் பின்புறமும் அதே திசையில் ஒரு தாளை ஒட்டிவிடுவர். இரு புறமும் ஒரே அளவில் இழுப்பதால் அட்டை நடுவில் நேராக நிற்கும்.

பசையைப் பற்றியும் ஒரு சொல். மைதா மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்துப் பின்னர்க் கிளறிக்கொண்டே காய்ச்சினால் வீட்டுப் பசை ஆயத்தமாகும். அதைப் பூச்சிகளும் விரும்பும். அதனால் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். மயில்துத்தம் நஞ்சு, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்து, வேண்டிய அளவு மட்டும் பசை காய்ச்சி அன்றே பயன்படுத்திவிடுவது நன்று.

வெந்தயமும் காகிதக்கூழும்

தென்மாவட்ட வீடுகளில் முற்காலத்தில் காகிதக் கூடைகள் இருந்தன. பயன்படுத்திய காகிதத்தை வீணாக்காது பெண்கள் செய்துவந்த அக்கூடைகளில் தானியமும் பருப்பும் சேமித்தனர். இன்று பாட்டிமாரிடம் கேட்டால்தான் அதன் செய்முறை கிடைக்கும். கேட்க வேண்டிய காலமும் இதுவே.

காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைக்க வேண்டும். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். கத்தரியால் வெட்டுவதினும் கையால் கிழிப்பது மேல். வெட்டினால் இழை துண்டாகும். கிழித்தால் இழை நீண்டு வெளிப்படும். தனியே ஊறவைத்த ஒரு கைப்பிடி வெந்தயத்தைச் சேர்த்து, ஆட்டுரலில் வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். கவிழ்த்த பானையின்மேல் சாம்பலைத் தூவி, கூழை ஒரே தடிப்பில் அப்பி, முதலில் நிழலிலும் பின்னர் வெயிலிலும் உலர்த்தினால், பானையைவிட்டுக் கூடை கழன்று வரும். சாம்பல் தூவுவது கூழ் பானையோடு ஒட்டிக்கொள்ளாதிருப்பதற்கு.

வெந்தயம் எதற்கு? ஊறிய வெந்தயத்தில் வழவழப்பான பிசின் சுரக்கும். அது இழைகளுக்கிடையே புகுந்து, உலர்ந்ததும் அவற்றைப் பிணைக்கும். அதன் கைப்பு பூச்சிகளுக்கும் உவப்பன்று. பசையும் காப்பும் ஒரே பொருளில் கிடைப்பதைக் கண்டுகொண்டவர் யாரென்று எந்த நூலும் கூறவில்லை. ஏதோ ஓர் அடுக்களையில் நிகழ்ந்த ஆய்வாக அது இருக்க வேண்டும். அச்சு மையுள்ள செய்தித்தாளால் செய்த கூடையில் உணவுப்பொருளை நேரடியாக இடுவது மட்டும் இன்று ஏற்கத்தக்கதன்று.

இவ்விடத்தில் இராசபாளையம் நமக்கு உதவும். 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இங்கு நூற்பாலை நிறுவியது முதல் பருத்தியே இவ்வூரின் அடையாளமாயிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டியில், காயங்களுக்குக் கட்டும் மருத்துவத்துணி பெருமளவில் நெய்யப்படுகிறது. கண்கண்ணாக நெய்த அந்த மெல்லிய துணியின் ஒரு துண்டை, கூழின் முதல் அடுக்கின்மேல் பரப்பி அதன்மேல் இரண்டாம் அடுக்கை அப்பினால், துணியின் கண்களின் வழியே இரு அடுக்குகளும் கைகோத்துக்கொள்ளும். தனிக்கூழ் விரிசலிடும் இடத்தில் துணி இழுத்துப் பிடிக்கும். காரைக்கு நடுவே கம்பி செய்யும் பணியும் இத்தகையதே.

பருத்திக்கு வேறொரு சிறப்பும் உண்டு. செய்தித்தாளில், மரத்தின் இழையோடு அதன் லிக்னின் என்னும் பொருளும் கலந்திருக்கும். அதனால் வெயில்பட்டதும் மஞ்சளாகி நொறுங்கும். பருத்தியில் அப்பொருள் ஏறத்தாழ இல்லை. பருத்திக் கந்தையிலிருந்து செய்த காகிதம் நெடுங்காலம் வெண்மை மாறாது இருக்கும். 1934இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் செயலராக இருந்து கைக்காகிதத் தொழிலை வளர்த்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவர் தம் இறுதிக்காலத்தில் வாழ்ந்த தே. கல்லுப்பட்டி, திருமங்கலத்திலிருந்து இவ்விரண்டு ஊர்களுக்கும் வரும் சாலையிலேயே உள்ளது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் கைக்காகிதம் செய்யப்பட்டு வருகிறது.

கடையும் வீடும்

பள்ளிக் கண்காட்சிக்கான மாதிரிகள் இன்று பெரும்பாலும் எழுதுபொருள் கடையிலிருந்தே தொடங்குகின்றன. தெர்மோகோல் பலகை, மினுமினுப்புத் தாள், அச்சிட்ட படத்தொகுப்பு ஆகியவற்றை முந்தைய நாள் மாலையில் வாங்கி, இரவில் பெற்றோர் ஒட்டித்தர, காலையில் மாணவர் எடுத்துச் செல்வதை நாம் அறிவோம். தெர்மோகோலால் ஆன தட்டுகளையும் குவளைகளையும் தமிழக அரசு 2019ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. கண்காட்சி மேசையில் மட்டும் அதன் ஆட்சி நீடிக்கிறது. கண்காட்சி முடிந்த மறுநாள் அம்மாதிரி குப்பைக்குச் செல்லும். ஆண்டாளின் கிளியும் ஒரு நாளைக்கு உரியதுதான். ஆனால், அதன் இலையும் நாரும் மண்ணில் மக்கும். அதைக் கட்டும் முறையோ கட்டுபவரின் கையில் தங்கி, மறுநாளும் கிளியாகும். தெர்மோகோல் மாதிரியில் பலகை மக்காமல் எஞ்சுகிறது. மாணவரின் கைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

வேண்டிய பொருள் வீட்டைச் சுற்றியே உள்ளது. பால்கோவா வாங்கிய அட்டைப்பெட்டி, தையற்கடையில் உதிரும் துணி, பழைய நாட்காட்டியின் வழவழப்பான தாள், பனையோலை, தென்னை ஈர்க்கு, வாழைநார் என அவற்றைச் சேர்த்து வைக்க ஒரு பழைய பெட்டி போதும். முதலில் செய்யும் கூடை பெரும்பாலும் விளிம்பில் விரிசலிடும். விளிம்பு மெலிந்து அடிப்பகுதி தடித்திருந்தால், விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்குவதே அதற்குக் காரணம். விரிசலில் புதிய கூழை வைத்து அடைத்தால் அதுவும் சுருங்கி விலகும். விரிசலைச் சுற்றிலும் நீர் தெளித்து, பழைய கூழ் இளகியபின் புதிய கூழை அதனுள் அழுத்தி, மேலே ஒரு துண்டு மருத்துவத்துணியை ஒட்டி, இம்முறை நிழலிலேயே இரண்டு நாள் வைக்க வேண்டும்.