கான்டர் அம்மையாரின் கணக்கு

பெரிய வியாபார ஸ்தாபனங்களின் நிர்வாக பீடங்களில் ஸ்திரீகள் ஏன் அபூர்வமாகவே காணப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு, அமெரிக்க தேசத்தில் வெகுகாலம் வரை சொல்லப்பட்டு வந்த விடை அவர்களுடைய சுபாவத்தின் மீதே பழியைச் சுமத்துவதாக இருந்தது. அவர்களுக்கு உயர வேண்டும் என்ற ஆசை போதாது, அதிகாரம் கைக்கு வந்தால் அற்ப விஷயங்களில் கெடுபிடி செய்வார்கள், உணர்ச்சிக்கு எளிதில் வசப்படுவார்கள் என்று ஆடவர் கூறியதோடு நில்லாமல், பெண்களிலும் பலர் அதை ஒப்புக்கொண்டு தலையசைத்தார்கள். ஹார்வர்டு வர்த்தகக் கல்லூரி தன் ஈராண்டு எம்.பி.ஏ. படிப்பின் முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்துக் கொண்டது 1963-ல்தான். அவ்வாண்டு வந்து சேர்ந்தவர்கள் எண்மர்.

இந்தப் பொது அபிப்பிராயத்தைப் பிடித்து நிறுத்தி அளந்து பார்த்தவர்களுள் முற்பட்டவர், பிற்காலத்தில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் நிர்வாகத்துறைப் பேராசிரியராக இருந்த வர்ஜீனியா ஷைன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் இடைநிலை அதிகாரிகளாக இருந்த 300 ஆடவரிடம் 92 குணச்சொற்களைக் கொடுத்து, சிலரைப் பொதுவாக ஆண்களுக்கும், சிலரைப் பொதுவாகப் பெண்களுக்கும், மற்றவரைத் திறமையான மானேஜருக்கும் அவை எவ்வளவு பொருந்தும் என்று குறிக்கச் சொன்னார். திறமையான மானேஜரின் குணங்களாக அவர்கள் குறித்தவை பெரும்பாலும் ஆண்களின் குணங்களாகக் குறித்தவையாகவே இருந்தன. 1973-ல் வெளிவந்த இந்த முடிவைத் தொடர்ந்து, இரண்டாண்டு கழித்து அவர் பெண் அதிகாரிகளையே கேட்டபோதும் ஏறக்குறைய அதே விடைதான் கிடைத்தது. 1989-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் பெண் அதிகாரிகளின் மனம் மாறியிருந்தது. ஆடவர் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஆனால் அத்தகைய எண்ணம் ஒரு காரியாலயத்தின் அன்றாட நடப்பில் எவ்விதம் உற்பத்தியாகிறது என்பதை உள்ளே சென்று பார்த்து விவரித்த பெருமை ரோஸபெத் மாஸ் கான்டர் என்னும் அம்மையாரையே சாரும். ஒஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில் 1943-ல் பிறந்து, பிரின் மார் மகளிர் கல்லூரியில் பயின்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் 1967-ல் சமூக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி கம்பெனிகளைப் பற்றியதன்று. சொத்தைப் பொதுவில் வைத்துக் கூடி வாழ்ந்த ஷேக்கர், ஒனைடா முதலிய பழைய அமெரிக்கச் சமதர்மக் குடியிருப்புகளுள் சில 25 ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்திருக்க, மற்றவை ஏன் விரைவிலேயே கலைந்து போயின என்பதே அவர் கேட்ட கேள்வி. லட்சியத்தின் உயர்வு தாழ்வைக் காட்டிலும், சேர்ந்தவன் எதைத் துறக்க நேர்ந்தது, எவற்றைப் பிறருடன் கூடிச் செய்தான் என்ற நியமங்களே ஒரு சமுதாயத்தை நிலைநிறுத்தின என்று அவர் கண்டு, 1972-ல் அதை நூலாக வெளியிட்டார். ஆசிரமங்களை ஆராய்ந்தவர் ஆபீஸுக்குள் எப்படி நுழைந்தார் என்று சிலர் வியக்கக்கூடும். எனக்கோ அது இயல்பான பிரயாணமாகவே தோன்றுகிறது. மனிதனின் மொத்த விசுவாசத்தையும் கேட்கும் ஸ்தாபனம் இக்காலத்தில் எது என்று தேடினால், கம்பெனியைத் தவிர வேறு என்ன அகப்படும்?

அவர் ஆலோசகராகவும் ஆய்வாளராகவும் பழகிய ஒரு பெரிய கைத்தொழில் கம்பெனிக்கு, அதன் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு, இண்ட்ஸ்கோ என்று கற்பனைப் பெயர் சூட்டி, 1977-ல் ‘மென் அண்ட் விமன் ஆஃப் தி கார்ப்பொரேஷன்’ என்ற நூலை எழுதினார். அதில் மானேஜர்கள் மட்டுமின்றி, அவர்களுடைய காரியதரிசிகளும் மனைவிமார்களும்கூடத் தனித்தனி அத்தியாயம் பெறுகிறார்கள். காரியதரிசியின் அந்தஸ்து அவளுடைய திறமையைப் பொறுத்ததாக இல்லாமல், அவளுடைய எஜமானர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. அவர் உயர்ந்தால் அவளும் உயர்ந்தாள். மனைவியோ சம்பளப் பட்டியலில் பெயரில்லாமலேயே, விருந்துபசாரம் முதலாகக் கம்பெனிக்கு உழைத்தாள்.

மானேஜர்கள் ஏன் தங்களைப் போன்றவரையே தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அம்மையார் கூறும் காரணம் நுட்பமானது. உயர்ந்த உத்தியோகங்களில் ஒருவன் செய்யும் காரியத்தை முழம் போட்டு அளக்க இயலாது. அதன் பலன் தெரிய வருஷங்கள் ஆகலாம். அளக்க முடியாத இடத்தில் நம்பிக்கை ஒன்றே பிடிப்பாகிறது. நம்பிக்கையோ ஒரே மாதிரி உடுத்தி, ஒரே விதமாகப் பேசி, ஒரே பள்ளிகளில் படித்து வந்தவர் மீதே எளிதில் விழுகிறது. ஆகவே துவேஷம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாதிருந்தும், கதவு சாத்தியபடியே இருந்துவிடுகிறது.

பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று நம்மவர் சொல்லும் வார்த்தைக்கு ஒப்பான பேச்சு இண்ட்ஸ்கோவிலும் உலவிற்று. பெண் மேலதிகாரியின் கீழ் வேலை செய்யப் பெண்களே விரும்பவில்லை என்றார்கள். கான்டர் இதைப் புரட்டிப் பார்த்தார். மேலிடத்தில் செல்வாக்கு உள்ளவர் தம் கீழிருப்பவருக்குச் சலுகையும் உயர்வும் வாங்கித் தர முடியும். பொறுப்பு மட்டும் இருந்து செல்வாக்கு இல்லாதவரோ, ஆணாயினும் பெண்ணாயினும், விதிப் புஸ்தகத்தைப் பற்றிக்கொண்டு சில்லறைக் கொடுங்கோல் செலுத்துவதைத் தவிர வேறு வழி அறியார். பெண்கள் அத்தகைய பதவிகளிலேயே பெரும்பாலும் அமர்த்தப்பட்டபடியால், பதவியின் குணம் பாலின் குணமாகத் தோற்றமளித்தது. ஆண் அதிகாரியை விரும்பியவர்கள் உண்மையில் விரும்பியது செல்வாக்குள்ள அதிகாரியை என்பது அவர் துணிபு. அவ்வாறே, உயர்வதற்கு வழி அடைபட்ட ஆடவரும் நாளடைவில் ஆசை அவிந்து அரட்டையில் பொழுது கழிப்பதை அவர் சுட்டிக் காட்டினார். நூல் முழுவதிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

எனினும் அவரைப் பிரசித்தமாக்கியது எண்ணிக்கையைப் பற்றிய சித்தாந்தம். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் கொண்ட ஒரு விற்பனைப் பிரிவில் பெண்கள் இருபதே பேர். அவர்களும் ஊர் ஊராகப் பிரிந்திருந்தமையால் பெரும்பாலோர் தம் கிளையில் தனித்தே இருந்தார்கள். ஒரு கூட்டத்தில் ஒரு வகையினர் நூற்றுக்குப் பதினைந்து வரைக்குமே இருந்தால், அவர்கள் தனி மனிதராக மதிக்கப்படாமல் தம் இனத்தின் அடையாளச் சின்னமாகவே கருதப்படுவார்கள் என்றார் கான்டர். எல்லார் கண்ணும் அவ்வாறு தனித்திருக்கும் பெண் மீது இருக்கும். ஆனால் கவனிக்கப்படுவது உடையும் தோற்றமுமாக இருக்குமேயன்றி வேலையாக இராது. அவள் வந்து உட்கார்ந்ததும் ஆடவர் தங்கள் வேடிக்கைப் பேச்சை வழக்கத்தினும் உரக்கப் பேசுவார்கள். கெட்ட வார்த்தை சொல்லலாமா என்று மரியாதையாக அனுமதியும் கேட்பார்கள். மற்றப் பெண்களைப் பரிகசிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிக்கிறாளா என்று சோதிப்பார்கள். இறுதியில் தாய், மோகினி, செல்லப்பிள்ளை, இரும்புக் கன்னி என்ற நான்கு வேஷங்களுள் ஒன்றை அவளுக்குக் கட்டிவிடுவார்கள். வெற்றியைக் கண்டு பெண்கள் அஞ்சுகிறார்கள் என்று அக்காலத்து மனோதத்துவ சாஸ்திரம் பேசியது, உண்மையில் ஓயாமல் பார்க்கப்படுவதைக் கண்ட அச்சமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பல எக்ஸ் எழுத்துகளின் நடுவே அகப்பட்ட ஓர் ஓ எழுத்தின் கதையாக இதையே ‘எ டேல் ஆஃப் ஓ’ என்ற பெயரில் படக்காட்சியாகவும் ஆக்கினார்கள்.

அந்நூல் ஸி. ரைட் மில்ஸ் பரிசைப் பெற்றது. பிராண்டைஸ் சர்வகலாசாலையிலிருந்து யேல் சர்வகலாசாலைக்கும், 1986-ல் ஹார்வர்டு வர்த்தகக் கல்லூரிக்கும் சென்ற கான்டர், 1989 முதல் 1992 வரை ‘ஹார்வர்டு பிஸினஸ் ரிவியூ’வின் ஆசிரியராகவும் இருந்தார். பிற்காலத்து நூல்களில் அவர் ஸ்தாபனங்கள் புதுமைக்கு எவ்வாறு இடங்கொடுக்கின்றன என்ற விசாரணையிலேயே பெரிதும் ஈடுபட்டார்.

அவருடைய சித்தாந்தத்தில் ஒரு விரிசல் உண்டு. சிறுபான்மையாக இருப்பதே சங்கடத்துக்குக் காரணம் என்றால், பெண்கள் நிறைந்த தொழிலில் நுழையும் ஆணும் அதே துன்பத்தை அனுபவிக்க வேண்டும் அல்லவா? கிறிஸ்டீன் வில்லியம்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நர்ஸுகளாகவும், ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களாகவும், நூலகர்களாகவும் இருந்த ஆடவர், சிறுபான்மையாக இருந்தும், மேல் பதவிகளை நோக்கித் தாமாகவே தூக்கிச் செல்லப்பட்டதைக் காட்டினார். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. வெளியுலகில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் அலுவலக வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. கான்டரின் கணக்கு இந்த இடத்தில் குறைபட்டதே என்று நானும் எண்ணுகிறேன்.

ஆயினும் கணக்கு வீணாய்ப் போகவில்லை. நார்வே தேசம் 2003-ல் இயற்றிய சட்டத்தால் தன் பொதுப் பங்குக் கம்பெனிகளின் இயக்குநர் சபைகளில் ஆணாயினும் பெண்ணாயினும் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையக் கூடாது என்று விதித்தது. விக்கி கிரேமர் முதலிய மூவர் அமெரிக்க இயக்குநர் சபைகளைப் பற்றி 2006-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பெண் இருந்தால் அவள் சின்னமாகவும், மூவர் இருந்தால் வெறும் இயக்குநர்களாகவும் நடத்தப்படுகிறார்கள் என்று கூறிற்று. நம் நாட்டில் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகளுக்கும் வேறு சில பெரிய கம்பெனிகளுக்கும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் வேண்டும் என்கிறது. பன்னிருவர் அமர்ந்த சபையில் அந்த ஒருவர் நூற்றுக்கு எட்டுக்குச் சற்றே அதிகம். கான்டர் வகுத்த பதினைந்து என்ற எல்லைக்கு அது வெகுவாகக் குறைவு.