ஏலத்தில் புதியவர்: பழைய கணினியை நம்பிக் கொடுக்கலாமா?

பழைய இரும்பும் பழைய மின்சாதனங்களும் வாங்கி விற்கும் நமது வியாபாரிகளின் கைகளுக்கு இப்போது பழைய கணினிகளும் வந்து சேர்கின்றன. அவற்றை நிறுத்துக் கிலோக் கணக்கில் கொடுத்துவிடுவதா, இணையத்தில் ஏலம் விட்டுப் பார்ப்பதா என்று சிலர் யோசிக்கின்றனர். யோசிக்க வேண்டிய விடயம்தான். 1976ஆம் ஆண்டு 666 டொலர் 66 சதத்துக்கு விற்கப்பட்ட முதலாவது அப்பிள் கணினி ஒன்று, 2014 ஒக்டோபரில் நியூயோர்க் ஏலத்தில் 905,000 டொலருக்குப் போனது. ஆனால் பழையதெல்லாம் பொன் அல்ல. 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினி ஒரு கோடிக்கும் மேல் விற்பனையான சாதனம். அதற்கு அந்த விலையை எதிர்பார்க்க முடியாது.

ஏலத்தில் இறங்கியவருக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்றுண்டு. எல்லோரையும் விடக் கூடிய விலை கேட்டிருப்பவர் நேற்றுத்தான் கணக்குத் திறந்தவர். அவருக்கு முந்திய கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இவரை நம்பலாமா?

நமது தீவுப்பகுதிக் கரைகளில் மீன் ஏலம் கூறுவதை நினைத்துப் பாருங்கள். தெரிந்த வியாபாரிக்குக் கடன் கொடுக்கலாம். புதிதாக வந்தவர் கேட்டால் காசைக் கையில் வாங்கிக்கொண்டு மீனைக் கொடுக்கலாம். புதியவர் என்பதற்காக அவரை விரட்டினால் நட்டம் மீன்காரருக்கே. கேட்பவர் ஒருவர் கூடினால்தான் விலையும் கூடும். இணையத்திலும் இதே கணக்குத்தான். ஆளின் பழக்கத்தைவிடக் காசு வரும் வழியையே முதலில் பார்க்க வேண்டும்.

ஈபே ஏலத்தளம் 1995இல் தொடங்கியது. முன்பின் தெரியாதவர்கள் வியாபாரம் செய்வதற்காக, ஒருவரைப் பற்றி மற்றவர் கருத்துப் பதியும் முறையை அது 1996இல் கொண்டுவந்தது. ஆனால் 2008ஆம் ஆண்டிலிருந்து, வாங்குபவரைப் பற்றி விற்பவர் குறைகூறிப் பதிய முடியாது. ஆகவே வாங்குபவரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள புள்ளிகள் அவர் எத்தனை முறை வாங்கினார் என்பதைத்தான் ஓரளவு காட்டும். அவர் நாணயமானவரா என்பதைக் காட்டாது. பழைய கணக்குகளைத் திருடிப் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மறுபுறம், பழைய கணினி வாங்க வருபவர்களில் பலர் சும்மா சுற்றித் திரிபவர்கள் அல்லர். சிறுவயதில் தம் வீட்டில் இருந்த அதே கணினியைத் தேடி, அந்த ஒன்றுக்காகவே கணக்குத் திறப்பவர்களும் உண்டு. நாமும் அங்கு முதல் நாள் புதியவர்கள்தான். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒரே வகையான பழைய தபாலட்டைகளை நீண்டகாலப் பெயரிலும் புதுப் பெயர்களிலும் ஈபேயில் விற்றுப் பார்த்தார்கள். பழைய பெயருக்குச் சுமார் 8 வீதம் கூடுதல் விலை கொடுக்க வாங்குபவர்கள் தயாராக இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். புதியவரிடம் வியாபாரமே வேண்டாம் என்று உலகம் ஒதுங்கி நிற்கவில்லை.

வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதை நமது மார்க்கம் 'நஜ்ஷ்' என்று தடுத்திருக்கிறது. நாட்டுச் சட்டமும் அப்படியே. விற்பவர் முன்கூட்டியே அறிவிக்காமல் தானோ தன் ஆளைக் கொண்டோ ஏலம் கேட்டால், அதை வாங்குபவர் மோசடியாகக் கொள்ளலாம் என்கிறது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 2000ஆம் ஆண்டு ஈபேயில் 25 சதத்தில் தொடங்கிய ஓர் ஓவியம் 135,805 டொலர் வரை ஏறியது. விற்றவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் தாங்களே கேட்டது பின்னர் அம்பலமாகி, வழக்கில் முடிந்தது. புதுப் பெயரில் வருபவரைச் சந்தேகிக்கும் நாம், மச்சானின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து விலையை ஏற்றக் கூடாது.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? ஏலத்தில் வென்றவர் காசு அனுப்பாவிட்டால் சில நாட்கள்தான் வீண். பொருள் நம்மிடமே இருக்கும், மீண்டும் போடலாம். பொருள் கைமாறிய பிறகு வருவதுதான் பெரிய நட்டம். பேபால் முறையில், காசு கொடுத்தவர் 180 நாட்கள் வரை முறையிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இலங்கையில் பல ஆண்டுகளாகப் பேபால் மூலம் பணம் பெறும் வசதி இருக்கவில்லை. அதனால் வெளிநாட்டிலுள்ள உறவினரின் கணக்கைப் பாவித்தவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், முறைப்பாடு வரும்போது பணம் வெட்டப்படுவது அந்த உறவினரின் கணக்கில். சம்பந்தமில்லாத ஒருவரை நமது வியாபாரத்தின் கடனாளியாக்குகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே புதியவரோ பழையவரோ, எல்லோருக்கும் ஒரே நிபந்தனை வையுங்கள்:

1. பணம் உங்கள் கணக்கில் வந்துவிட்டதை வங்கியிலேயே பார்த்து உறுதிசெய்த பின் பொதியை அனுப்புங்கள். வைப்புச் சீட்டின் படம் பணமாகாது. மாறாத காசோலையும் பணமாகாது.

2. கேட்ட விலையைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பவருடன் பேச்சை நிறுத்துங்கள். ஏலத்தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வோம் என்பவருடனும் அப்படியே.

3. கணினியின் தொடரிலக்கம், உட்பலகை, இயங்கும் திரை ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். நல்லதை எடுத்துக்கொண்டு பழுதானதைத் திருப்பி அனுப்புபவருக்கு அதுவே பதில்.

4. பழுது இருந்தால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். சோதித்துப் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

5. பணம் செலுத்தியபோது பதிந்த முகவரிக்கு மட்டும், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

விலை பெரிதாக இருந்தால் புதியவருக்கு ஒரு செய்தி அனுப்பி, எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், எப்படிப் பணம் செலுத்துவீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையாக வாங்குபவர் கோபிக்க மாட்டார், பதில் சொல்வார். பதிலே இல்லாவிட்டால் ஏலம் முடிவதற்கு முன் அவரது கேள்வியை நீக்கும் வசதி ஈபேயில் உண்டு. புதியவர் என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் எவரையும் நீக்காதீர்கள். இன்று புதியவராக வருபவர்தான் நாளைய வாடிக்கையாளர்.