கப்பலேறும் காகிதங்கள்

பிள்ளை பரீக்ஷையில் தேறிவிட்டான், இனி எந்தத் துறையில் விடலாம் என்று ஆலோசனை நடக்கும் வீடுகளில் வைத்தியம், எஞ்சினீயரிங், கணக்கு, ஸர்க்கார் உத்தியோகம் எல்லாம் வரிசையாக வந்து போகும். ஏற்றுமதி வியாபாரம் என்ற பேச்சு எழுந்தால் மட்டும், அதற்கு முதல் வேண்டும், துணிச்சல் வேண்டும், வெளிநாட்டில் தெரிந்தவர்கள் வேண்டும் என்பார்கள். அதற்குப் படிப்பும் வேண்டும் என்று சொல்பவரை நாம் அதிகம் கண்டதில்லை. சரக்கு நல்லதாக இருந்தால் தானே விலைபோகும், காகித வேலையை யாராவது ஒரு குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு பணத்தை விழுங்கக் கூடியது என்பதற்கு நமது சென்னைத் துறைமுகத்தில் ஏறிய நிலக்கடலை ஒன்றே சாட்சியாக இருக்கிறது.

1940-ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் டென்மார்க் தேசத்து ஆர்ஹூஸ் நகரத்து எண்ணெய் ஆலை ஒன்றுக்காக, சென்னையிலிருந்து சுமார் 1,400 டன் கடலை வாங்க ஏற்பாடாயிற்று. விற்பவர் லண்டன் ரேனர் கம்பெனியார். பணத்துக்குப் பொறுப்பேற்றது லண்டன் ஹாம்ப்ரோஸ் பாங்கி. வாங்குபவர் ஒரு தேசத்திலும் விற்பவர் வேறொரு தேசத்திலும் இருக்கும்போது, முதலில் பணமா முதலில் சரக்கா என்ற சங்கடம் எழுமல்லவா? அதைத் தீர்க்கவே பாங்கி நடுவில் நின்று, "இன்ன இன்ன தஸ்தாவேஜுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் நாங்களே பணம் தருகிறோம்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறது. வியாபாரிகள் எல்.ஸி. என்று இரண்டே எழுத்தில் சொல்வது இந்த நாணயக் கடிதத்தைத்தான். ஹாம்ப்ரோஸ் பாங்கி கொடுத்த கடிதத்தில் சரக்கின் பெயர் "கோரமண்டல் நிலக்கடலை" என்று கண்டிருந்தது. தொகை 16,975 பவுன்.

கடலை கப்பலேறியது. கப்பல்காரர் கொடுக்கும் ரசீதாகிய பில் ஆப் லேடிங்கில், "இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு" என்று எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் கோரமண்டல் என்பதைக் குறிக்கும் ஸி.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துக்கள் இருந்தன. விற்பவர் தந்த விலைப்பட்டியலில் மட்டும் "கோரமண்டல் நிலக்கடலை" என்று சரியாகவே இருந்தது. ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மானியப் படை டென்மார்க்கில் புகுந்தது. காகிதங்களைக் கொடுத்துப் பணம் கேட்டபோது, ரசீதில் உள்ள பெயர் வேறு, கடிதத்தில் உள்ள பெயர் வேறு என்று பாங்கி கையை விரித்துவிட்டது.

வழக்குக் கோர்ட்டுக்குப் போயிற்று. கடலை வியாபாரத்தில் உள்ளவர்கள் வந்து, இரண்டு பெயரும் ஒரே சரக்கைத்தான் குறிக்கும், லண்டன் கடைவீதி முழுவதும் அறிந்த சங்கதி இது என்று சாட்சி சொன்னார்கள். முதல் நீதிபதி விற்பவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1942-ல் அப்பீல் கோர்ட்டு அதைப் புரட்டிவிட்டது. உலகத்திலுள்ள ஆயிரக்கணக்கான வியாபாரங்களில் எந்தப் பெயருக்கு எந்தப் பெயர் சமம் என்று தெரிந்துவைத்துக்கொள்வது பாங்கியின் கடமை அல்ல. கடிதத்தில் கண்ட சொல் ரசீதிலும் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் ஸாரம். கடலையில் சொத்தை இல்லை, எடையில் குறைவில்லை. ஒரு சொல் பிசகியது, பணம் கிடைக்கவில்லை. வீட்டில் கடலை வறுக்கும் நாம் "எல்லாம் கடலைதானே" என்று சொல்லிவிடுவோம். பாங்கியில் அப்படிச் சொல்ல முடியாது.

இத்தகைய நுட்பங்களை அந்நாளில் அறிந்திருந்தவர்கள் யார் என்று கேட்டால் மனம் சற்றுக் கசக்கத்தான் செய்கிறது. பயிர் செய்தவர் நம்மவர். மூட்டை சுமந்தவர் நம்மவர். ஆங்கிலக் கம்பெனிகளுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் பேசிய துபாஷும் நம்மவர். கப்பல், பாங்கி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் இரகசியம் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் மேஜைக்குள்ளேயே இருந்தது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது அந்த மேஜையில் ஒரு மூலையையாவது நமதாக்க முயன்றார் என்று சொல்லலாம். அந்த முயற்சி எப்படி நசுக்கப்பட்டது என்பதை நமது நேயர்கள் அறிவார்கள். 1913-ல் பம்பாயில் ஸிட்னஹாம் வர்த்தகக் கல்லூரி ஏற்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு, 1963-ல் மத்திய ஸர்க்கார் அயல்நாட்டு வியாபாரத்துக்கென்றே டில்லியில் ஒரு ஸ்தாபனம் அமைத்தனர். இந்திய அயல்நாட்டு வர்த்தக ஸ்தாபனம் என்ற அது இன்று பட்டம் வழங்கும் பெரிய கல்விநிலையமாக விளங்குகிறது. அதில் இடம் பெறுவோர் சிலரே. நமது கவலை மற்றவர்களைப் பற்றியது.

கடலை வழக்கு நடந்த காலத்திலிருந்து விதிகள் வெகுவாக மாறிவிட்டன. பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை நாணயக் கடிதங்களுக்கென வகுத்த பொது விதிகளின் இப்போதைய பதிப்பு, யு.ஸி.பி. 600 என்ற பெயருடன் 2007 ஜூலை முதல் நடந்து வருகிறது. அதன்படி விலைப்பட்டியலில் சரக்கின் வர்ணனை கடிதத்தோடு பொருந்த வேண்டும். கப்பல் ரசீது முதலிய மற்றவற்றில் முரண்படாத பொதுப் பெயர் இருந்தால் போதும். ஆகவே ரேனர் கம்பெனியாருக்கு இன்று அநேகமாகப் பணம் கிடைத்திருக்கும். ஆயினும் புதிய விதிகள் புதிய கண்ணிகளையும் வைத்திருக்கின்றன. கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் காகிதங்கள் பாங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதத்தின் கெடு அதற்கு முன்பே முடிந்தால் அதற்குள். சரக்கின் அளவில் நூற்றுக்கு 5 கூடக்குறைய இருக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. திருப்பூர்ப் பனியன் அனுப்புகிறவர் அதை நம்பி 10,000 உருப்படிக்கு 10,200 அனுப்பினால் மாட்டிக்கொள்வார். எடையாக அளக்கும் சரக்குக்குத்தான் அந்தச் சலுகை, எண்ணி அனுப்பும் உருப்படிகளுக்கு இல்லை. "சுமார்" என்ற ஒரு சொல் கடிதத்தில் அளவுக்கு முன்னால் இருந்தால் கதை வேறு; அப்போது நூற்றுக்கு 10 வரை இடமுண்டு. இந்த ஒரு சொல்லை வாங்குபவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கத் தெரிந்த குமாஸ்தா, தம் சம்பளத்தைப் போல் பல மடங்கு கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார்.

விலை பேசும் சொற்களிலும் இதே விஷயந்தான். எப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலின்மேல் ஏறும் வரை வரும் நஷ்டம் விற்பவரைச் சேர்ந்தது. அந்நாளில் மூட்டைகளைக் கப்பலோரம் கொண்டுபோய் ஏற்றினார்கள், கணக்குச் சரியாக இருந்தது. இப்போதோ பெட்டகத்தில் அடைத்துத் துறைமுக முற்றத்தில் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புகிறோம். கப்பல் சில நாள் கழித்து வருகிறது. இடையில் மழையோ தீயோ வந்தால் யார் பாடு? எப்.ஓ.பி. என்று எழுதிக்கொடுத்தவர் பாடுதான். இதற்கென்றே கப்பல்காரர் வசம் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறும்படி எப்.ஸி.ஏ. என்ற வேறொரு சொல் இருக்கிறது. 1936-ல் முதன்முதலாக வெளியான இந்தச் சொற்பட்டியலின் 2020-ஆம் வருஷப் பதிப்பில் 11 சொற்கள் உள்ளன. பதினொன்றையும் ஒரு வாரத்தில் நெட்டுருப் போட்டுவிடலாம். எந்தச் சரக்குக்கு எது என்று அறிவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் குறிப்பிட வேண்டும். ஏற்றுமதி செய்பவருக்கு நமது தேசத்தில் எந்தப் பரீக்ஷையும் இல்லை. விண்ணப்பம் போட்டுப் பத்து இலக்கமுள்ள ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு ஒன்றை வாங்கிவிட்டால், யாரும் பெட்டகம் அனுப்பலாம். அவருக்காகச் சுங்கச் சாவடியில் காகிதம் தாக்கல் செய்கிறாரே, கிளியரிங் ஏஜெண்டு என்று ஊரில் அழைக்கப்படும் சுங்கத் தரகர், அவருக்குத்தான் பரீக்ஷை. 2018-ஆம் வருஷத்து விதிகளின்படி அவர் பட்டதாரியாயிருக்க வேண்டும். அதோடு கணக்கு, நிர்வாகம், சட்டம் போன்றவற்றில் மேற்படிப்பாவது, ஜி கார்டு பெற்று இரண்டு வருஷம் வேலை பார்த்த அனுபவமாவது வேண்டும். எழுத்துப் பரீக்ஷை ஒன்று, அதில் தேறினால் வாய்மொழிப் பரீக்ஷை ஒன்று. ஜி கார்டு என்பது தரகரிடம் வேலை செய்பவருக்குரிய அனுமதி. பிளஸ் டூ படித்தவர், சுங்க அதிகாரிகள் நடத்தும் சிறு பரீக்ஷையில் தேறி அதை அடையலாம். கல்லூரிக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு நேர்மையான வாசல். சம்பாதித்துக்கொண்டே பட்டமும் படித்தால் பிற்பாடு பெரிய பரீக்ஷைக்கும் உட்காரலாம்.

அப்பரீக்ஷையில் என்ன கேட்பார்கள் என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். உலகத்துச் சரக்குகள் அனைத்துக்கும் பொதுவான எண் வரிசை உண்டு. கழுத்துப்பட்டையோ பொத்தானோ இல்லாத பின்னலாடைப் பனியன் 6109 என்ற எண்ணில் அடங்கும். அதே நூல், அதே பின்னல், ஆடவர் அணிவதற்காகக் காலரும் இரண்டு பொத்தானும் வைத்துத் தைத்துவிட்டால் அது சட்டையாகி 6105-க்குப் போய்விடும். அந்நிய துறைமுகத்தில் கட்ட வேண்டிய வரியும், இங்கே திரும்பக் கிடைக்கும் தொகையும் இந்த எண்ணைப் பற்றியே நிற்கின்றன.

இவ்வளவு நுட்பமான வேலையைப் பல கம்பெனிகளில் நேற்று வந்த இளைஞரிடம் தள்ளிவிடுகிறார்கள் என்பதே நமது புகார். புதிய இயந்திரத்துக்கு இலக்ஷக்கணக்கில் செலவிடும் முதலாளி, காகிதம் எழுதுகிறவரை ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்பக் கணக்குப் பார்க்கிறார். இன்னொரு பக்கம், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றுமதி நிபுணராக்கிவிடுவதாக விளம்பரம் செய்து சான்றிதழ் விற்கும் வகுப்புகளும் பெருகியிருக்கின்றன. அவற்றில் பணம் கட்டுமுன் பெற்றோர் ஒன்றைக் கேட்டறிவது நல்லது: உண்மையான நாணயக் கடிதத்தையும் அதற்குரிய காகிதக் கட்டையும் கையில் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா? இல்லையென்றால் அங்கே கிடைப்பது சட்டமிட்டு மாட்டுவதற்கு மட்டுமே உதவும்.

பாங்கித் துறையில் இருப்பவர்களுக்கு, 1928-ல் இந்திய பாங்கர் ஸ்தாபனம் என்ற பெயருடன் தோன்றிய கல்விநிலையம் அயல்நாட்டு வியாபாரப் பணத்தைப் பற்றித் தனிப் பரீக்ஷை நடத்துகிறது. நாணயக் கடிதம் ஒன்றிலேயே நிபுணத்துவம் காட்ட விரும்புவோருக்கு ஸி.டி.ஸி.எஸ். என்ற பரீக்ஷை லண்டனிலிருந்து நடக்கிறது. அதில் தேறியவரும் ஓய்ந்திருக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இது உட்கார்ந்த இடத்தில் கவனத்தோடு செய்யும் வேலையாதலால் பெண்கள் இதில் நன்கு பிரகாசிக்கலாம் என்று சிலர் எழுதுவதுண்டு. அந்தக் காரணம் நமக்குச் சம்மதமில்லை. சுங்கச் சாவடிக்கும் துறைமுகத்துக்கும் அவர்களே போய் வாதாடி வேலையை முடிக்கலாம். விதிகளில் தடை ஒன்றும் இல்லை.