திருமழபாடியும் தியாகராய நகரும்

அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி என்னும் ஸ்தலத்தை நேயர்களில் பலர் பங்குனி மாதத்து நந்தி கல்யாணத்தை முன்னிட்டு அறிந்திருப்பார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று ஒரு வசனம் நம் பக்கத்தில் வழங்குகிறது. ஆகையால் அன்றைய தினம் கல்யாணமாகாத பிள்ளைகளும் பெண்களும், அவர்களைக் காட்டிலும் அதிகக் கவலை கொண்ட பெற்றோர்களும் அவ்வூரில் நிறைந்திருப்பார்கள். அந்த வைபவத்தைப் பற்றி நாம் இப்போது எழுத வரவில்லை. அவ்வூருக்கருகில் ஓடும் ஆற்றையும், அக்கம்பக்கத்து ஏரியையும், கோயிற் சுவரிலுள்ள ஒரு சாசனத்தையும் கொண்டு, சென்னைப் பட்டணத்து வெள்ளத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறோம்.

முதலில் ஆறு. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. தென்புறத்துக் கிளை காவேரி என்ற பெயருடனேயே கல்லணைக்குச் சென்று தஞ்சைச் சீமையின் வயல்களுக்குப் பாய்கிறது. வடபுறத்துக் கிளை கொள்ளிடம். வெள்ளத்தைக் கொள்ளும் இடமாகையால் கொள்ளிடம் என்று பொருள் சொல்வாருண்டு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆகவே காவேரியின் ஜலமெல்லாம் அதிலேயே இறங்கி, காவேரி மணல் மேடிட்டுப் போகும் நிலை ஒரு காலத்தில் உண்டாயிற்று. அதைத் தடுக்கவே 1836-ல் ஆர்தர் காட்டன் என்னும் இங்கிலீஷ் இன்ஜினீயர் மேலணையை எழுப்பினார். அது முதல், சாதாரண நாளில் ஜலம் காவேரிக்கு. பெருக்கெடுத்தால் மிகுதியெல்லாம் கொள்ளிடத்துக்கு. கல்லணையிலும் இதே ஏற்பாடுதான்.

வருஷத்தில் பெரும்பகுதி திருமழபாடிக் கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது வெண்மணல் வெளியும் நாணற் புதருமே. இவ்வளவு அகலமான பூமி சும்மா கிடக்கிறதே என்று பட்டணத்து மனிதர் ஒருவர் பெருமூச்சு விட்டாலும் ஆச்சரியமில்லை. மனை போட்டால் எத்தனை ஆயிரம் வீடுகள் கட்டலாம்! ஆனால் 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு ஜலம் திறந்து விடப்பட்டபோது, அதில் பெரும்பகுதியை ஏற்றுக் கொண்டு கடலுக்குச் சென்றது அந்தச் சும்மா கிடந்த மணல் வெளிதான். வெள்ளத்தின் வேகத்தில் முக்கொம்பிலே கொள்ளிடத்துப் பழைய கதவணையின் ஒன்பது மதகுகள் ஆகஸ்டு 22-ந் தேதி இரவு அடித்துச் செல்லப்பட்டன என்றால், அந்தப் பிரவாகத்தின் வலிமையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். கரையோரப் படுகை வயல்களில் ஜலம் ஏறுவதுண்டு. அது குடியானவர்களுக்கு நஷ்டமே. ஆயினும் வெள்ளத்துக்கென்று ஒரு முழு ஆற்றையே ஒதுக்கி வைத்திராவிட்டால் தஞ்சை டெல்டாவின் கதி என்னவாகியிருக்கும்?

இனி ஏரி. திருமழபாடிக்குப் பக்கத்தில் கண்டராதித்தம் என்று ஓர் ஊர். சிவபக்தராகிய கண்டராதித்த சோழரின் பெயர் கொண்டது. அங்குள்ள பேரேரியோ அவருடைய தேவியார் செம்பியன் மாதேவியின் பெயரால் வழங்குகிறது. ராஜாவுக்கு ஊரும் ராணிக்கு ஏரியுமாகப் பங்கிட்டுக் கொண்டதில், ராணியின் பங்கே உயர்ந்தது என்பது நம் அபிப்பிராயம். நம் நாட்டு ஏரி எதுவும் தனியே நிற்பதன்று. மேலேரி நிறைந்தால் கலிங்கு வழியாக மிகுதி ஜலம் கீழேரிக்கு, அதுவும் நிறைந்தால் அதற்குக் கீழுள்ள குளத்துக்கு, கடைசியில்தான் ஆற்றுக்கு. ஒரே நாளில் கொட்டிய மழை ஒரே நாளில் ஆற்றை அடைவதில்லை. வழியெல்லாம் தங்கித் தங்கி, மண்ணிலே ஊறி, கிணறுகளை நிரப்பி, பல வாரங்கள் கழித்துப் போய்ச் சேருகிறது. கொள்ளிடத்து மணலும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து பல ஊர்களுக்குக் குடிநீர் போகிறது. திருமானூர் வட்டாரத்து ஜனங்கள் மணல் குவாரியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

நிற்க. சென்னையில் தியாகராய நகர் இருக்குமிடத்தில் நூறு வருஷங்களுக்கு முன் பெரிய ஏரியொன்று இருந்தது என்று சொன்னால், பாண்டி பஜாரில் புடைவை வாங்கும் சகோதரிகள் நம்பமாட்டார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த அந்த ஏரியின் மாம்பலம் பகுதியை 1920-களில் தூர்த்து, மனைகளாக்கி, ஸர். பி. தியாகராயச் செட்டியாரின் பெயரைச் சூட்டினார்கள். நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரிகள் போய்விட்டாலும் பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு ரோடு, சேத்துப்பட்டில் ஸ்பர்டாங்க் ரோடு. மனிதர்கள் மறந்ததை மழை மறப்பதில்லை. 2015-லும் மறுபடி 2021 நவம்பரிலும் அது பழைய விலாசத்தைத் தேடிக் கொண்டு தியாகராய நகருக்கே வந்து சேர்ந்தது.

2015 டிசம்பர் முதல் தேதியன்று தாம்பரத்தில் ஒரு நாளைக்குள் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்து விட்டார்கள். கொள்ளிடம் ஏற்கும் வெள்ளத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அடையாற்றுக்கு இந்தச் சொற்பமே அதிகமாகிவிட்டது. ஏனெனில் அதன் கரைகளிலும் வெள்ளப் படுகையிலும் ஜனங்கள் குடியேறிவிட்டார்கள். இரு நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் அவ்வருஷத்து மழை வெள்ளத்தில் போயின.

வீடு கட்டும் நேயர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு கிரவுண்டு மனையில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் ஜலம் சேருகிறது. மனை மண்ணாகவும் புல்லாகவும் இருந்தால் அதில் ஒரு நல்ல பகுதி உள்ளே இறங்கிவிடும். வாசல் முதல் கொல்லை வரை சிமெண்டு போட்டுவிட்டாலோ, அவ்வளவும் தெருவுக்கு வந்துவிடும். தெருவும் தார்; அடுத்த தெருவும் தார். பெரிய சாக்கடை கட்டினால் தீராதா என்று கேட்கிறார்கள். ஓரளவு தீரும். ஆனால் ஜலத்தை விரைவாகத் துரத்துகிற வாய்க்கால், மேட்டுத் தெருக்காரரின் கஷ்டத்தைப் பள்ளத் தெருக்காரரின் வீட்டில் கொண்டு போய் இறக்குகிறது. தவிரவும் சென்னை தட்டையான பூமி. சமுத்திரம் பொங்கி நிற்கும் வேளையில் கூவமும் அடையாறும் முகத்துவாரத்திலே தயங்கி நின்றுவிடுகின்றன.

ஆகையால் மேல்நாடுகளிலும் சீனத்திலும் வேறொரு முறையைக் கைக்கொண்டு வருகிறார்கள். மழை விழுந்த இடத்திலேயே அதைத் தங்க வைப்பது என்பது அதன் தத்துவம். தெருவோரத்தில் சிமெண்டுச் சாக்கடைக்குப் பதிலாகப் புல் வளர்ந்த ஆழமில்லாத பள்ளங்கள். ஜலத்தை உறிஞ்சும் நடைபாதைகள். மழையின்போது குளமாகி மறுவாரம் மைதானமாகும் பூங்காக்கள். ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் 2013-ல் ஒரு சதுக்கத்தையே இப்படி அமைத்தார்கள். வெயில் நாளில் அங்கே பையன்கள் பந்தாடுகிறார்கள், மழை நாளில் ஜலம் தங்குகிறது. சீன சர்க்கார் 2015-ல் பதினாறு நகரங்களைத் தேர்ந்து, பஞ்சு நகரம் என்ற பெயரில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். கண்டராதித்தத்துக் குடியானவர் இதைக் கேட்டால் புன்னகை செய்வார் என்றே நினைக்கிறோம்.

எனினும், புல்லையும் குளத்தையும் நம்பி நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. பஞ்சு நகரத் திட்டத்தில் ஏராளமாகச் செலவிட்ட ஜெங்ஜோ என்னும் சீன நகரில் 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் இருபது சென்டிமீட்டர் மழை பெய்தது. பஞ்சு நிறைந்து வழிந்தது. சுரங்க ரயிலில் சென்றவர்கள் உள்ளேயே மாண்டார்கள். பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. சாதாரண மழைக்கு ஏரி. அசாதாரண வெள்ளத்துக்குக் கொள்ளிடம். திருமழபாடி வட்டாரத்தில் இரண்டும் இருக்கின்றன. சென்னையில் ஒன்றைத் தூர்த்தோம், மற்றொன்றைக் குறுக்கினோம்.

சில நல்ல காரியங்களும் நடந்து வருகின்றன. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. குடிமராமத்து 2017-ல் புத்துயிர் பெற்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மிச்சமிருப்பதாவது, 2022-ல் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஸ்தலமாக அங்கீகரிக்கப்பட்டது. கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தில் குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். குதிரை ஓடிய இடத்தில் ஜலம் நிற்பது நமக்குச் சந்தோஷமே.

இப்போது கோயிற் சுவருக்கு வருவோம். ராஜராஜ சோழ சக்கரவர்த்தி தம் 28-வது ஆட்சியாண்டில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டார். பழைய கற்களிலே தானங்களையும் உரிமைகளையும் குறிக்கும் சாசனங்கள் இருந்தன. விமானத்தை இடிப்பதற்கு முன் அச்சாசனங்களையெல்லாம் ஏட்டிலே பிரதி செய்து கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவருடைய குமாரர் ராஜேந்திரரின் 14-வது ஆட்சியாண்டில், அதாவது 1026-ஐ ஒட்டி, அவை மறுபடியும் புதிய கல்லில் வெட்டப்பட்டன. கட்டடம் மாறிற்று, யாருடைய உரிமையும் தொலையவில்லை.

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் அத்தகைய பிரதி நம்மிடமும் இருக்கிறது. கிராமக் கணக்கின் ஏ ரிஜிஸ்தரிலும், சர்வேப் படத்திலும், ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, ஓடை என்று எழுதியிருப்பவை அவைதாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் ஒரு சட்டமும் செய்யப்பட்டது. அரியலூரும் பெரம்பலூரும் வளர்ந்து வரும் ஊர்கள். வயல்களில் மனைக் கற்கள் நட்டுக் கொடி கட்டியிருப்பதை ரஸ்தாவின் இருபுறமும் பார்க்கலாம். அங்கே மனை வாங்க எண்ணும் நேயர்கள், தரகர் காட்டும் வர்ண வரைபடத்தோடு திருப்தியடையாமல், தாலுகா ஆபீஸுக்கும் ஒரு நடை போய், அந்த இடத்துப் பழைய சர்வேப் படத்தைக் கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம். படத்தில் நீலக் கோடு ஏதேனும் மனைக்குக் குறுக்கே போனால், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடலாம்.